நான்கு நிமிடம் பதினொரு வினாடி

அந்த அழைப்பு நான்கு நிமிடம் பதினொரு வினாடி நீடித்தது என்று என் கைபேசி இன்றும் காட்டுகிறது. அழைத்தவர் என் அறைத்தோழியின் அண்ணன். அவர் சொன்னவற்றிலிருந்து நான் தோழியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை மூன்று வாக்கியங்கள். எண்ணினால் ஆறு சொற்கள். அத்தனை பெரிய செய்தியை ஆறு சொற்களில் சொல்லிவிட்டேன் என்ற எண்ணம் அன்று எனக்குள் ஒரு மூலையில் இருந்தது. அதைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால், அன்று செய்த தவற்றை இந்தப் பக்கங்களிலும் செய்கிறவளாவேன்.

குறைவாகப் பேசுவது எங்கள் வீட்டில் யாரும் விரும்பி ஏற்ற பழக்கமன்று. வேலை அப்படி ஆக்கியது. சாந்தன்பாறைக்கு மேலே, ஏலமும் தேயிலையும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஓர் எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில், ரோலர் ஓடும் அறையில் வேலை. வாடிய கொழுந்தை அரைத்துச் சுருட்டும் அந்த இயந்திரங்களுக்கு நடுவே, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் இரைச்சலில் போய்விடும். அங்கே கையைக் காட்டுவார்கள். மிஞ்சினால் ஒரு சொல் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லோடுதான் அப்பா வீட்டுக்கும் வருவார். அம்மா கொழுந்து எடுக்கிறவர். எங்கள் லயத்தில் கைபேசிக்கு ரேஞ்ச் கிடைக்காது. வெளியூரில் படிக்கும் என்னோடு பேச வேண்டுமானால் அவர் ஏலக்காட்டைத் தாண்டி மேலிருக்கும் பாறைக்கு ஏற வேண்டும். ஏறி நின்று, “சாப்பிட்டியா? அங்க மழையா? சரி, வைக்கேன்” என்பார். அவ்வளவுதான் எங்கள் வாராந்தரப் பேச்சு. அதில் ஒரு குறையும் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

சாவுச் செய்தியை எங்கள் பக்கம் கேதம் என்போம். ரேஞ்ச் இல்லாத லயங்களுக்கு இன்றும் ஆள் நடந்துபோய்த்தான் கேதம் சொல்கிறார். சொல்லப் போகிறவர் வாசலுக்கு வெளியே நிற்பார். உள்ளே கால் வைக்கமாட்டார், உட்காரமாட்டார், கொடுத்தாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். இறந்தது யார், எடுப்பது எத்தனை மணிக்கு. இந்த இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்த லயத்துக்கு நடந்துவிடுவார். எப்படி, என்ன ஆயிற்று என்று கேட்டால், “வந்து பாத்துக்கிடுங்க” என்பதே விடை. அந்த வேலைக்கு அப்பாவைத்தான் அடிக்கடி அனுப்புவார்கள். மழைக்கோட்டோடு அவர் ஒரு வாசலில் நிற்பதைச் சிறு வயதில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் வாய் திறந்து மூடும் நேரத்தில் அந்த வீட்டின் கூக்குரல் எழும். அவர் அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருப்பார்.

இந்த வீட்டிலிருந்து தமிழ் இலக்கியம் படிக்கப் பாலக்காட்டுக்கு வந்தேன். ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரையும் பயிற்சி எங்கள் பாடத்தில் உண்டு. மற்றவர்கள் அதை வெறுத்தார்கள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அடைமொழியை எடு, எடுத்துக்காட்டை எடு, திரும்ப வருவதை எடு, எஞ்சுவது பொருள். நூலின் அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல் என்று நம் இலக்கண மரபு வைத்திருப்பதை நான் மனத்துக்குள் ஒரு பதக்கம் போல அணிந்துகொண்டிருந்தேன். அதே மரபு, குற்றங்களுள் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்திருக்கிறது. அதையும் தேர்வுக்குப் படித்திருந்தேன். தேர்வுக்கு மட்டும்.

கல்பாத்தியில் ஆற்றுக்குப் போகும் தெருவில், ஒரு நீண்ட வீட்டின் மாடியறை எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. தோழி பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். தென்னை, மாடு, கிணறு, ஒரு அண்ணன். அவள் பேசத் தொடங்கினால் நேரம் தெரியாது. திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்பினால், வேகவைத்த கள்ளக்காயை, அதாவது நிலக்கடலையை, ஒரு பையில் கொண்டுவந்து என் முன்னால் கொட்டுவாள். அதை உரித்து முடிக்கும்வரை வீட்டுக் கதை ஓடும். மாடு முட்ட வந்ததைச் சொல்வதற்கு முன் அந்த மாட்டை வாங்கிய சந்தை வரும், சந்தைக்குப் போன வண்டி வரும், வண்டிக்காரரின் மகள் கல்யாணம் வரும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் மனத்தில் வெட்டிக்கொண்டிருப்பேன்: மாடு முட்ட வந்தது, முட்டவில்லை.

கீழ்வீட்டு மாமிக்கு எங்களைப் பார்த்தால் வேடிக்கை.

“இது என்னாக்கும், ரெண்டு பொண்கள் இருக்கா, ஒருத்தி அருவி, ஒருத்தி பாறை!” என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “மிண்டாப்பூனை கலம் உடைக்கும், கேட்டியோ?” என்பார். பேசாத பூனைதான் பானையை உடைக்கும் என்பது மலையாளத்தில் சொல்லும் பழமொழி. மாமி வீட்டுத் தமிழில் அது எப்போதோ கலந்துவிட்டிருந்தது.

“தந்தியெல்லாம் நிறுத்திப்போட்டாங்கன்னு சொன்னாங்க. எங்க ரூமுக்கு மட்டும் டெய்லி வருதுங்க மாமி,” என்று தோழி சேர்த்துக்கொள்வாள். தந்தி என்பது அவள் எனக்கு வைத்த பெயர்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அவள் ஊருக்குப் போவதாக இருந்தது. காலையில் பால் வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள். நான் சுருக்கி வரைய வேண்டிய ஒரு பத்தியோடு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அண்ணன் அழைத்தார்.

“ஏனுங்க அம்மிணி, தங்கச்சி பக்கத்துல இருக்குதுங்களா?”

“இல்லீங்கண்ணா. பால் வாங்கப் போயிருக்கா.”

“அய்யன் போயிட்டாருங்க.”

அவர்கள் வீட்டில் அப்பாவை அய்யன் என்பார்கள். அதன் பிறகு அவர் பேசிக்கொண்டே போனார். அழவில்லை. நிறுத்தாமல், ஒரே குரலில், அன்றைய காலையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். நான் எதற்காகவோ காத்திருந்தேன். அது வந்ததும் பென்சில் எழுதியது. கடைசியில் அவர் சொன்னது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அவளுக்கு இப்பச் சொல்லிப்போடாதீங்க. அய்யனுக்குக் காச்சல், பாக்கோணும்ங்கறாருன்னு சொல்லிக் கூட்டியாங்க. ஊட்டுக்கு வந்து பாத்துக்கட்டும். நீங்க அளவாப் பேசறவங்க. அதுனாலதான் உங்களுக்குப் போட்டேனுங்க.”

அழைப்பு முடிந்தபோது, நோட்டின் ஓரத்தில் என் கையெழுத்தில் மூன்று குறிப்புகள் இருந்தன. அப்பா. நாலு மணி. சொல்லக் கூடாது.

மூன்றாவதை நான் மீறினேன். எங்கள் பக்கத்தில் கேதத்தைக் காய்ச்சல் என்று சொல்லும் வழக்கம் இல்லை. இல்லாத காய்ச்சலைச் சொல்லி ஒருத்தியைப் பேருந்தில் ஏற்றுவது எனக்குப் பொய்யாகவும், அவளைக் குழந்தையாக்குவதாகவும் பட்டது. உண்மையைக் குறைந்த சொற்களில், நேராக நின்று சொல்வதே மரியாதை என்று நினைத்தேன். அப்பா வாசல்களில் நின்றதைப் போல நானும் அறையின் கதவருகே எழுந்து நின்றுகொண்டேன்.

படியேறி வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன புள்ள, பேயறஞ்சாப்பல நிக்கற? எங்கிருந்தாச்சும் தந்தி வந்துருச்சா?”

“உங்கப்பா தவறிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்குறாங்க. கெளம்பலாம்.”

அவள் கூக்குரலிடவில்லை. கேட்காதவள் போல என்னைத் தாண்டி உள்ளே போனாள். பால் உறையின் முனையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். அது பொங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பொங்கியதும் அணைத்து, இரண்டு டம்ளரில் ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கினாள். இரண்டையும் மேசையில் அப்படியே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். செருப்பு அவள் காலிலேயே இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

பேருந்தில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஜன்னலோரம் அவள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பனைகள் வரத் தொடங்கும் இடத்தில், அதுவரை வெளியே பார்த்திருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

“அண்ணன் வேற என்ன சொல்லுச்சு?”

“அவ்வளவுதான்,” என்றேன்.

அவளைக் காப்பாற்றுவதாக எண்ணித்தான் அப்படிச் சொன்னேன். நீட்டிச் சொன்னால் வலி நீளும் என்று கணித்தேன். காய்ச்சல் என்று பொய் சொல்ல மறுத்தவள், ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அது பொய் என்பதே எனக்கு அப்போது தெரியவில்லை.

பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அய்யனைக் கிடத்தியிருந்தார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வேண்டிய மட்டும் பார்த்தாள். அந்த அளவில் நான் தவறவில்லை. அண்ணன் அவள் வந்த விதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “சொல்லிப்போட்டீங்களா,” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் தலையசைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவர்களை உட்கார வைக்கப் போய்விட்டார்.

சாவு வீட்டிலிருந்து யாரிடமும் விடைபெறாமல் கிளம்ப வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது. மாலையில், எடுத்த பிறகு, நான் யாரிடமும் சொல்லாமல் நடந்து பேருந்து ஏறினேன். அறைக்கு வந்தபோது இரண்டு டம்ளர்களிலும் ஆடை படிந்திருந்தது. கழுவி வைத்தேன்.

அவள் திரும்பி வர இருபத்திரண்டு நாள் ஆனது. கள்ளக்காய்ப் பை இல்லாமல் வந்தாள். கல்லூரிக்கு வந்தாள், குறிப்பெடுத்தாள், சாப்பிட்டாள். கேட்டதற்கு விடை சொன்னாள். ஒன்றோ இரண்டோ சொல்லில். மாமி அருவியையும் பாறையையும் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். “நன்னாச் சாப்டறியோ கொழந்தே?” என்று மட்டும் படிக்கட்டின் கீழிருந்து கேட்பார். இரண்டு பேர் குறைவாகப் பேசும் அறை எப்படியிருக்கும் என்பதை எங்கள் லயத்தில் பதினேழு வருடம் வாழ்ந்தும் நான் அறிந்திருக்கவில்லை. அங்கே ரோலரின் இரைச்சலும் மழையும் மீதியை நிரப்பிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். ஈரப் பாவாடையின் மறுபக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

“அன்னிக்கு பஸ்ஸுல ஒன்னேகால் மணி நேரம் வந்தமல்ல? அண்ணன் சொன்னாப்பலக் காச்சல்னு சொல்லியிருந்தீன்னா, அந்த ஒன்னேகால் மணி நேரம் எங்கய்யன் எனக்கு உசுரோட இருந்திருப்பாரு.”

நான் கையிலிருந்த துணியைப் பிழிந்தேன். ஏற்கெனவே பிழிந்த துணி அது.

“உம்மேல கோவமில்ல புள்ள. நானா இருந்தாலும் வாய்க்கு வந்ததச் சொல்லியிருப்பேன். ஆனா ஒண்ணு கேக்கோணும்.” பாவாடையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். “அய்யன் கட்டில்ல வந்து உக்காந்து தண்ணி கேட்டாராமா. அம்மா சொம்பெடுக்க உள்ள போயிருச்சு. அண்ணன்தான் பக்கத்துல. அப்ப என்னையப் பத்தி என்னமோ சொன்னாராமா. அம்மாக்குச் சத்தந்தான் கேட்டுச்சாம், என்னன்னு தெரியல. அண்ணனுக்கு இப்ப நெனப்பே வரமாட்டீங்குது. அன்னிக்கு இருவது பேருக்குப் போன் போட்டிருக்குது. எது யார்கிட்டச் சொன்னதுன்னே தெரியாதாமா. ‘மொதப் போனு உன் சிநேகிதிக்குத்தான். நடந்தது அத்தனையும் அதுகிட்டத்தான் ஒண்ணுவிடாமச் சொன்னேன், அதயக் கேளு’ன்னுது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“சொல்லு. என்ன சொன்னாரு?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் காலையில், துக்கம் ஒரு கதையாக உறைவதற்கு முன், அய்யனின் கடைசி வாக்கியம் ஒரே ஒருமுறை உரக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டவள் உலகத்தில் நான் ஒருத்தி. ஆம், அவர் சொன்னார். தங்கையைப் பற்றி அய்யன் ஏதோ சொன்னதாக அண்ணன் சொன்னது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது என்ன என்பது தெரியவில்லை. நான் எடுப்பு நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நேரமும் இடமும் அல்லாத எல்லாவற்றையும், பயிற்சிப் பத்தியின் அடைமொழிகளைப் போல, காதில் விழும்போதே கழித்துக்கொண்டிருந்தேன். சொல்லும்போது சுருக்கினேன் என்றுதான் இத்தனை நாளும் என்னை நானே கடிந்துகொண்டிருந்தேன். கேட்கும்போதே சுருக்கியிருக்கிறேன்.

ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. ‘பாப்பா எப்ப வருதுன்னு கேட்டாராம்.’ சிறிய வாக்கியம், நம்பத் தகுந்தது, அழகானது. மறுக்க யாரும் இல்லை. அவள் அதை ஆயுள் முழுவதும் வைத்திருப்பாள். தன் பிள்ளைகளிடம் சொல்வாள். வாய் திறந்தேன்.

“நாளைக்குச் சொல்றேன்,” என்றேன். “எழுதித் தாரேன். எனக்கு நெனவு வர்றதெல்லாம்.”

“எழுதியா?” அவள் வாளியை எடுத்துக்கொண்டாள். “எழுது. ஆனா இதயும் தந்தியாக்கிப்போடாத.”

மறுநாள் விடிந்ததும் நோட்டையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு ஆற்றுப் படிக்கட்டுக்குப் போனேன். முதலில் எழுதவில்லை. கைபேசியில் நான்கு நிமிடம் பதினொரு வினாடி வைத்துவிட்டு, அது ஒலிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை நீளமான நேரம் அது! ஆற்றின் நடுப்பாறையில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது, நடந்தது, மீன் பிடித்தது, பறந்தது. அதற்குப் பிறகும் நேரம் மிச்சமிருந்தது. அந்த நேரம் முழுக்க ஒருவர் என் காதில் தன் தகப்பனின் கடைசிக் காலையைச் சொல்லியிருக்கிறார்.

சொற்கள் வரவில்லை, சத்தம்தான் முதலில் வந்தது. அண்ணனின் குரலுக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் ‘கட்டில வெளிய போடுங்க’ என்றாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அதன் பின்னால், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, துண்டு துண்டாக மற்றவை வந்தன. வந்ததை வந்தபடி எழுதினேன். அய்யன் காலையில் ஐந்து மணிக்கு எழுந்தார். எழுந்ததும் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டார். டீ வேண்டாம், பிறகு குடிக்கிறேன் என்றார். இந்த இடத்தில் அண்ணன் ஒரு முறை தொண்டையைச் செருமினார். பிறகு அய்யன் மோட்டார் போட்டார். இங்கே ஏதோ ஒரு வாக்கியம், நினைவில்லை. ‘கெழக்காலத் தண்ணி திருப்பியுட்டுட்டு வந்து உக்காந்தாரு.’ தண்ணீர் கேட்டார். அடுத்து வந்ததுதான் அந்த வாக்கியம். அதில் வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நினைவில்லை. ‘அம்மா சொம்போட வாறக்குள்ள சாஞ்சுட்டாரு. இந்தா, மோட்டாரு கூட இன்னும் ஓடிட்டே இருக்குது, நிறுத்த ஆளில்ல.’

எழுதி முடித்தபோது ஏழு பக்கம் ஆகியிருந்தது. ‘நினைவில்லை’ என்ற சொல் ஒன்பது இடங்களில் இருந்தது. திருத்தும் பழக்கத்தில் பென்சில் இரண்டு முறை தானாக ஒரு வரியை அடிக்கப் போனது. மோட்டாரைப் பற்றி இரண்டாவது முறை வந்த வரியும், தொண்டையைச் செருமிய வரியும் அவை. அடிக்கவில்லை.

அறையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கங்களை நீட்டினேன். பாதிப் பின்னலோடு கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, எழுத்துக்கூட்டுகிறவளைப் போல மெதுவாகப் போனாள். வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது. பிறகு பக்கத்தைத் திருப்பி மேலே போனது. மீண்டும் கீழே வந்தது.

“கெழக்காலயா, மேக்காலயா?” என்றாள்.

“என்ன?”

“தண்ணி. எந்தப் பக்கம் திருப்பினாருன்னு சொல்லுச்சு? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. அண்ணன் கெழக்காலன்னு சொல்லுச்சா, மேக்காலன்னு சொல்லுச்சா?”

கண்ணை மூடினேன். மோட்டார் சத்தம், அதன் மேல் அண்ணனின் குரல். இந்த முறை சொல் தெளிவாக வந்தது.

“கெழக்கால.”

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். பாதிப் பின்னல் தோளில் அவிழ்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“செவ்வாக்கெழம தென்னைக்கு விடற மொறை. தென்னை மேக்கால இருக்குது,” என்றாள். “கெழக்கால இருக்கறது கள்ளக்காக் காடு. முத்திப்போச்சு, மண்ணு இறுகிக் கெடக்குது, புடுங்குனா காயி மண்ணுக்குள்ளயே அத்துக்கிட்டு நின்னுக்கும்னு அதுக்கு மொத நாளு எங்கிட்டப் போன்ல சொன்னாரு. ரெண்டு மூணு நாளைக்கு முன்ன தண்ணி கட்டுனாத்தான் மண்ணு எளகும்.” எண்ணுகிறவள் போல விரல்களை மடக்கினாள். செவ்வாய், புதன், வியாழன். “வெள்ளிக்கெழம நான் போய்ப் புடுங்கறதுக்கு.”

அது அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலையில் அவர் வேறு ஏதேனும் காரணத்துக்காகக் கிழக்கே தண்ணீர் திருப்பியிருக்கலாம். வெள்ளிக்கிழமை என்ற சொல் வேறொரு வாக்கியத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அந்த ஐயத்தை அவளிடம் சொல்லவும் செய்தேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவள் தலையசைத்தாள். “இருக்கும். ஆனா தண்ணி கெழக்காலதான் போச்சு,” என்றாள். ஏழு பக்கங்களையும் அடுக்கி, நடுவில் மடித்து, பெட்டியில் தன் உடைகளுக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகுதான் அழுதாள். அந்த அறைக்கு வந்த பின் அவள் அழுது நான் கேட்டது அதுவே முதல் முறை. அருகில் போய் உட்கார்ந்தேன். சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அப்போது அது குறையாகத் தோன்றவுமில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனாள். திங்கட்கிழமை காலை, பழைய பையோடு படியேறி வந்தாள். தரையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினாள். வேகவைக்காத கள்ளக்காய், மண்ணோடு. துக்க வீட்டில் அந்தக் காட்டைத் தொட ஆளில்லாமல் போயிருந்தது. காயில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. வெள்ளை முளைகள் தோட்டைப் பிளந்துகொண்டு வளைந்து நின்றன.

சத்தம் கேட்டு மாமி மூச்சு வாங்கியபடி மேலே வந்தார். வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இது என்னாக்கும்டி கூத்து? மொளைச்ச கடலையைப் போய் யாராவது சொமந்துண்டு வருவாளோ?”

“அது பெரிய கதைங்க மாமி.”

“பெரிசுன்னா என்ன, சொல்லேன். இங்கே யாருக்கு என்ன அவசரம்?” மாமி செய்தித்தாளின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து, முளைக்காத காய்களைப் பொறுக்கி ஒரு பக்கம் வைக்கத் தொடங்கினேன்.

தோழி ஒரு காயை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

“அது காலைல அஞ்சு மணிக்குத் தொடங்குதுங்க மாமி,” என்றாள்.